அடுத்தடுத்து ஐந்து திங்கட்கிழமை

ஸ்ரீரங்கம்,
22-7-1966

அன்புள்ள மயிலம்மாளுக்கு வீரமலை எழுதுவது.

இங்கு நான் நலம் என்று போன மூன்று கடிதங்களிலும் எழுதியது பொய். நீ சொல்லிவிட்டுப் போன முறைப்படியே சமைத்துச் சாப்பிடுகிறேன் என்றதும் பொய். உனக்கு வாசித்துக் காட்டும் நம் மகள் வள்ளிக்கண்ணு சிரிக்காமல் வாசிக்கட்டும்.

திருவெறும்பூர் ஒன்றும் காசி இல்லை. ஆனால் மகளின் இரண்டாவது பிரசவத்துக்குப் போன நீ, "சும்மா சும்மா வந்து பஸ் சார்ஜைத் தொலைக்காதீங்க, கடுதாசி போட்டா போதும்" என்று உத்தரவு போட்டுவிட்டாய். நானும் கடுதாசியில் அளந்து தள்ளினேன். நான் இவ்வளவு ஒழுங்காக இருப்பதால் இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கப் போவதாகவும், முப்பது மளிகை முடிச்சு கட்டி மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புவதாகவும் நேற்று வள்ளிக்கண்ணு கையெழுத்தில் உன் கடிதம் வந்தது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. தவளை தன் வாயால் கெட்ட கதைதான். அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ போகும்போது ஐந்து வாரத்துக்கு, நாளுக்கு ஒன்றாக முப்பத்தைந்து முடிச்சு கட்டி வைத்தாய். எழுதி ஒட்ட உனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் கிழமைக்கு ஒரு துணி. ஞாயிற்றுக்கிழமைக்குச் சிவப்புத் துணி. உள்ளே கருவாடு, பாயசத்துக்குச் சேமியா, வெல்லம். திங்கட்கிழமைக்குச் சாக்குத் துணி. உள்ளே வெறும் கொள்ளு. இப்படி மளிகையில் மிச்சம் பிடித்துப் பேத்திக்கு வெள்ளிக் கொலுசு போட வேண்டும் என்றாய். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை.

நீ போனது திங்கட்கிழமை. பெண்டாட்டி ஊருக்குப் போன துக்கத்தோடு கொள்ளும் வேறா என்று சிவப்புத் துணியை அவிழ்த்தேன். மறுநாளும் துக்கம் ஆறவில்லை. ஐந்தே நாளில் ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் தீர்ந்துவிட்டது. பிறகு சனி, வெள்ளி என்று நல்ல துணியாகப் பார்த்து அவிழ்த்துக்கொண்டே வந்தேன். மார்க்கெட் மண்டியில் ஊருக்கெல்லாம் எடை போடுகிறவன், என் நாக்குக்கு அளவு தெரியவில்லை. கடைசியில் மிஞ்சியது ஐந்து சாக்குத் துணி. பஞ்சாங்கத்தில் இன்று வெள்ளிக்கிழமை. நம் வீட்டில் மூன்று நாளாகத் திங்கட்கிழமை. இன்னும் இரண்டு திங்கள் பாக்கி இருக்கிறது.

பக்கத்து வீட்டு ராக்கம்மாள் இன்று காலையில் எட்டிப் பார்த்து, "என்னங்க, மூணு நாளா ஒரே கொள்ளு வாசனையா இருக்கு, குதிரை ஏதும் வாங்கிக் கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள். அந்த ரோஷத்தில் காபி கிளப்புக்குப் போய் மசால் தோசை தின்றேன். கொலுசுக்கு என்று நீ எடுத்து வைத்த காசில்தான். கொலுசில் ஒரு திருகாணியை நான் விழுங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஆகவே முடிச்சு எதுவும் அனுப்பாதே. என் லட்சணம் தெரிந்துவிட்டது, நீயே புறப்பட்டு வா.

வள்ளிக்கண்ணு, இனிமேல் எழுதுவது உனக்கு. இதைச் சத்தம் போட்டு வாசிக்காதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். அம்மா கூடவே இருக்கட்டும் என்று உனக்கு ஆசை இருக்கும், அது தப்பில்லை.

அந்தத் தோசையை நான் முழுசாகத் தின்னவில்லை அம்மா. இன்னொன்று வேண்டுமா என்று சர்வர் மரியாதையாகக் கேட்டான். பாதித் தோசையோடு எழுந்து கை கழுவிவிட்டேன். உன் அம்மா கேட்க மாட்டாள். போதும் என்று நான் கையை மறிப்பேன். "கையை எடுங்க" என்று ஒரு அதட்டல் போட்டு இன்னொரு கரண்டி வைத்துவிடுவாள். அப்படிச் சாப்பிட்டு முப்பத்து மூன்று நாள் ஆகிறது. அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இதை அவளிடம் சொல்லிவிடாதே, அப்புறம் என்னை மதிக்க மாட்டாள். அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பி வை. எந்த பஸ் என்று பதில் எழுத வேண்டாம். தபால் வந்து சேர இன்னும் ஒரு நாள் வீணாகும். நாளை மறுநாள் காலையிலிருந்தே நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

உன் அப்பா,
வீரமலை