நாலாவது குழாய்

மார்ச் 3
குடிநீர்த் திட்டத்தின் நாலாவது குழாயைப் பள்ளத்தில் இறக்கியாயிற்று. ஆள் குனிந்து நடக்கும் உயரம். உள்பக்கம் சிமெண்டுப் பூச்சு. இரும்புதான், ஆனாலும் மேலே மண் ஏறினால் நசுங்கும். உள்ளே தாங்குகட்டை முட்டுக்கொடுத்து, இருபக்க மண்ணையும் இறுக்கிய பிறகே கட்டையை எடுக்கவேண்டும். அடுத்த குழாய்க்குக் கட்டை போதவில்லை. இறுக்கும் முன்பே எடுக்கச் சொல்லிவிட்டேன். என்ன ஆகிவிடப் போகிறது?

மார்ச் 5
மண் மூடியாயிற்று. மண் அள்ளிக் கொட்டும் மெஷினை ஓட்டியது மாப்பிள்ளை, என் தங்கை கணவர். "எப்படி மச்சான், கண்ணுல ஒத்திக்கலாம்ல?" என்று சிரித்தார்.

மார்ச் 9
உள்ளே போய் அளந்தேன். உயரம் ஆறு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. குறைவு மூன்றரையைத் தாண்டக்கூடாது. மேல்பக்கம் பூச்சு நீளமாக வெடித்து, தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கிறது. தண்ணீர் விட்டால் பூச்சு உதிரும், இரும்பு துருப்பிடிக்கும். ஊரே குடிக்கிற தண்ணீர்.

மார்ச் 10
பொறியாளர் பார்த்தார். "மெஷினைக் குழாய் மேலயே ஏத்திட்டானா?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.
சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

மார்ச் 12
தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவரு ஏத்தவே இல்லையாம். சத்தியம் பண்றாரு. நீ பக்கத்துலதானே இருந்தே? நீ சொன்னா நம்புவாங்க." பார்க்கிறேன் என்றேன். இனிமே என்னத்தைப் பாக்குறது?

மார்ச் 13
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். "கட்டையை எடுக்கச் சொன்னது நான்தான் சார்."
"நாலு நாளா வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே?" என்று கத்தினார் பொறியாளர். மேற்பார்வை வேலை போயிற்று. பூச்சு ஆட்களோடு சேரச் சொன்னார்.
நேராகத் தங்கை வீட்டுக்குப் போய் அங்கேயும் சொன்னேன். "நீயா அண்ணா?" என்றாள், அவ்வளவுதான். மாப்பிள்ளை எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 24
குழாயைத் தோண்டி, உள்ளே ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தோம். கட்டைகளை நானே முட்டுக்கொடுத்தேன். வெடித்த பூச்சைக் கொத்திப் புதிதாகப் பூசுவது மண் இறுகிய பிறகு. அதுவும் என் கையால்தான்.
மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் வெளியே வந்து பள்ளத்து ஓரம் நின்றேன். மண்ணைக் கொட்டுமுன் மெஷினை நிறுத்தி, தலையை நீட்டினார்.
"உள்ள யாரும் இல்லையே, சார்?"
தங்கை கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என்னை சார் என்றது இதுதான் முதல் தடவை.
"இல்ல" என்றேன்.