சபியா எழுதி வைத்த தமிழ்

செவ்வாய்க்கிழமை, இரவு பத்தரை.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு இன்று ஒரு முழுக்கதை எழுதிவிட்டேன். தூக்கம் வரவில்லை.

ஒரு பத்திரிகை என் கதையைத் திருப்பி அனுப்பியதிலிருந்து நான் எழுதுவதை விட்டிருந்தேன். ஆனாலும் தினமும் ஆபீஸ் விட்டதும் என் தோழி சபியாவின் தையல் கடையில் சாயா குடிப்பேன். அன்று பார்த்ததையெல்லாம் சொல்வேன். அவள் மிஷினை மிதித்தபடி கேட்பாள்.

இன்று போனதும் ஒரு நோட்டை என் மடியில் போட்டாள். உள்ளே முழுக்க மலையாள எழுத்து. வாய்விட்டு வாசித்தபோதுதான் அது தமிழ் என்று தெரிந்தது. எல்லாம் நான் சொன்னவை. சுள்ளிக்கல் போகும் பஸ்ஸில் ஒரு பெண் தன் கல்யாணத்தை ஃபோனிலேயே வேண்டாமென்று சொன்னதுகூட இருந்தது.

"நான் படிச்சது மலையாளம்தானே, எனக்குத் தமிழ் எழுத்து வராதுல்லே? அதான் இப்பிடி எழுதி வெச்சேன். நீ விட்டுட்டேன்னு சொன்னப்போ நான் நம்பலை, கேட்டோ" என்றாள்.

துணி வெட்டும் மேசையிலேயே உட்கார்ந்து அந்தப் பஸ் பெண்ணின் கதையை எழுதி முடித்தேன். கடை சாத்தும் முன் படித்துக் காட்டினேன். சபியா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கலக்கிட்டேடீ மீனா! ஆனா அவ வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவா?"

"அது தெரியலையே."

"அப்போ இது முடியலை. நாளைக்கு அதையும் எழுதிட்டு வா."

இதையும் பத்திரிகை திருப்பி அனுப்பலாம். அனுப்பட்டும். அந்தப் பெண் இப்போது வீட்டு வாசலில் நிற்கிறாள். கதவைத் திறப்பது அவள் அண்ணன் என்று நினைக்கிறேன். இல்லை, அம்மாதான்.