பாய்லருக்கு இன்னும் நான்கு ஆண்டுகள்

ஏப்ரல் 4
நிலக்கரி பாய்லர்களை நான்கு ஆண்டுகளுக்குள் நிறுத்திவிட்டுச் சூரிய, காற்றாலை மின்சாரத்துக்கு மாறவேண்டும் என்று அரசாணை. எங்கள் காகித ஆலை பாய்லரோ இன்னும் பதினான்கு ஆண்டு உழைக்கும் என்று நான் எழுதும் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பதினான்கு ஆண்டுத் தேய்மானத்தை நான்கில் திணித்தால் லாபம் போய் நஷ்டம் வரும். திணித்தேன். வந்தது.

ஏப்ரல் 11
நான்கு இல்லையாம், ஆறாம். திருத்த ஆணை. மறுபடி முதலிலிருந்து.

ஏப்ரல் 19
ஆறும் இல்லை. பழையபடி நான்கேதான்! என்னை வைத்துக் கண்ணாமூச்சி ஆடுகிறார்களா? "ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுட்டு வாயேன்" என்கிறார் என் வீட்டுக்காரர். ஓவிய வாத்தியார். அவருக்கென்ன, சொல்லுவார்.

ஏப்ரல் 22
முதலாளி கூப்பிட்டார். ஆண்டறிக்கை அட்டைக்குக் கூரை சோலார் தகடுகளின் படங்களைப் பரப்பி வைத்திருந்தார். அந்தத் தகடுகளால் கேன்டீன் விளக்கு எரியும், அவ்வளவுதான். பிறகு மெதுவாக, "பாய்லரைப் பதினாலாவே விட்டுடுங்கம்மா."
"ஆர்டர் கையில இருக்கே, சார்."
"இத்தனை தடவை மாத்துனவங்க இன்னொரு தடவை மாத்த மாட்டாங்களா?"
அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே, அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 25
பாய்லர் ஃபோர்மேன் வந்தார். பதினெட்டு ஆண்டாக அந்தச் சூட்டில் நிற்கிறவர்.
"அக்கா, கரென்ட் பாய்லர் பயிற்சி ஒண்ணு இருக்கு, ஆறு மாசம். இப்பவே சேரணும். முதலாளி, அதெல்லாம் எதுக்கு, நம்ம பாய்லர் ரொம்ப வருஷம் ஓடும்ங்கிறாரு. நீங்க சொல்லுங்க, எத்தனை வருஷம்?"
முதலாளி சொன்னபடியே 'பதினான்கு' என்று நான் அச்சிட்டு வைத்திருந்த தாள் மேசையில். அதன்மேல் டிபன் டப்பாவை நகர்த்தினேன். "அறிக்கை வரட்டும், பாப்போம்."
சீ! இதுக்கா இவ்ளோ படிச்சேன்?

ஏப்ரல் 26
நான்கு என்று போட்டுக் கையெழுத்திட்டேன். முதலாளி கோப்பை வீசினார். "உனக்குக் கம்பெனி மேல அக்கறையே இல்ல!" பதினோரு ஆண்டில் முதல்முறையாக 'நீ'.
"பதினாலு வேணும்னா வேற யாரையாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்க, சார்." அறிக்கை கொடுக்க நாளை கடைசி நாள். கையெழுத்திட வேறு யாரும் இல்லை.
ஃபோர்மேனிடம் நானே போய்ச் சொன்னேன். நான்கு.

ஜூன் 9
இப்போது ஐந்து ஆண்டாம். நன்றாக இருப்பார்கள்!
என் மேசை ஸ்டோர் ரூம் பக்கம் போய்விட்டது. முதலாளி பேசுவதெல்லாம் துண்டுச் சீட்டில்தான். இன்று வந்தது: 'பாய்லர் ஆட்கள் ஒன்பது பேருக்குப் பயிற்சி விடுப்பு, சம்பளத்தோடு.' அடியில் அவர் கையெழுத்திலேயே இன்னொரு வரி: 'கரென்ட் பாய்லர் என்ன விலை ஆகும் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.'