குக்கரில் பிடித்த கரி

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது மூலையில் ஒரு கறுப்பு பிலிம் டப்பா அகப்பட்டது. என்னவோ என்று மூடியைத் திறந்தேன். விரலெல்லாம் கரி. அது எந்தக் கரி என்று புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் உன் அண்ணன் மகள் போனில் "அத்தை போயிட்டாங்க" என்று அழுதபோது, "எந்த அத்தை? எந்த அத்தையைச் சொல்ற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தத் திகைப்பே இன்னும் இறங்கவில்லை. அதற்குள் இது.

ராஜபாளையத்துக் காலேஜில் நாம் இரண்டு பேரும் பிசிக்ஸ் டீச்சராக ஒன்றாகச் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ். உனக்கு உள்ளூர். வீட்டில் தெலுங்கு பேசுவாய், என்னை உரிமையோடு "ஏட்டி" என்று கூப்பிடுவாய். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஆசிலேட்டர் பற்றிப் பேசி ஓடவிட்ட ஒரே ஆள் நீதான்.

தொண்ணூறுகளில் ஒருநாள், வெளிநாட்டில் இருந்த சிநேகிதி அனுப்பிய ஜெராக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கரியின் ஒற்றை ஏடு சுருண்டு குழாயாகிறதாம், தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு. ரேடியோவிலும் டிவியிலும் அலையைப் பிறப்பிக்கிற சுற்று ஆசிலேட்டர். அதில் டிரான்சிஸ்டர் ஒரு வேகத்துக்குமேல் ஆட முடியாமல் மூச்சு வாங்கும். இந்தக் கரிக்குழாயைப் போட்டால் அதையும் தாண்டி ஆடும் என்பது உன் கட்சி. "அமெரிக்காக்காரன் செய்யட்டும்ட்டி, நமக்கு எதுக்கு?" என்றேன். "ஏன், நம்மூர்ல கரிக்கா பஞ்சம்?" என்றாய்.

என்னைப் பெற்ற அத்தாவின் டார்ச் லைட் கடையில் செத்த செல்கள் மூட்டையாகக் கிடக்கும். அவற்றை உடைத்து நடுவில் இருக்கும் கரிக்குச்சிகளை உருவினோம். உன் அம்மாவின் பழைய பிரஷர் குக்கரில் ஓட்டை போட்டு, இரண்டு குச்சிகளை எதிரெதிராக நீட்டி, வெல்டிங் பட்டறையில் ஆர்கான் வாயு அடைத்துப் பொறி விட்டோம். பட்டறைக்காரர் உன்னைக் காட்டி என்னிடம், "டீச்சரம்மா, அவிய வீட்டுல சோறு பொங்க வேற குக்கர் இருக்கா?" என்று கேட்டார். உள்ளே படிந்த கரிதான் இந்த டப்பாவில் இருப்பது. அதில் குழாய் இருந்ததா என்று பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆடினால் இருக்கிறது, அவ்வளவுதான் நம் சோதனை.

அது உனக்கு விளையாட்டு இல்லை. பெங்களூரில் ஆராய்ச்சிக்கு ஓர் இடம் இருந்தது. வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிந்தது. மதுரையில் உன் வழிகாட்டி சார், அலையைத் திரையில் கோடாகக் காட்டும் தன் சிஆர்ஓ கருவியையே இரவல் தந்து, "திரையில அலையைக் காட்டும்மா, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தார்.

லேப் காலியாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வேலை பார்த்தோம். அப்படி ஒரு ஞாயிறுதான், செம்புக் கம்பியை ஒரே சுற்றாக வளைத்து, கரித்துண்டைப் பொருத்தி, சிஆர்ஓவில் மாட்டினாய். திரையில் அலை வந்தது. நெருக்கி நெருக்கி, அந்தக் கருவியே திணறுகிற வேகத்தில் ஓர் அலை. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. நீ ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "ஆடுதுட்டி, கரி ஆடுது" என்றாய். உன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு சார் வந்தார். நான் பால்கோவாவோடு வந்தேன். அதே சாயங்காலம், அதே அலை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். "பெங்களூருக்கு நாளைக்கே எழுதிருதேன்" என்றார். பால்கோவாப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனேன். அப்போதுதான் நீ, யாரும் கேட்காமலே, கை நீட்டிக் கரித்துண்டைக் கழற்றினாய்.

அலை போகவில்லை.

நம் சுற்றின் பவர் சப்ளையை அணைத்தாய். அப்போதும் போகவில்லை. பேய் பிடித்த மாதிரி அந்தக் கோடு ஆடிக்கொண்டே இருந்தது. பின்பக்க ஹாஸ்டலிலிருந்து டிவியில் படம் ஓடுகிற சத்தம் கேட்டது. நீ தலையைத் தூக்கினாய். வெளியே ஓடினாய்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கோடு நேராகப் படுத்தது. அதே நொடியில் ஹாஸ்டல் பிள்ளைகள் மொத்தமும் "ஓ" என்று கத்தினார்கள்.

மலையடிவாரத்தில் கொடைக்கானல் டிவி புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பிள்ளைகள் கெஞ்சினார்கள் என்று ஹாஸ்டல் மாடி ஆன்டெனாவில் சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் மாட்டி, அதை உச்சத்துக்கு முறுக்கி வைத்தது நீதான். முறுக்கின முறுக்கில் அது தானே ஆடத் தொடங்கி அலையைக் கக்கியிருக்கிறது. நம் ஒற்றைச் சுற்றுக் கம்பி அதைப் பிடித்திருக்கிறது. நீ மாடியில் அதைக் கழற்றியதும் இங்கே அலை படுத்தது, அங்கே படம் போனது. ஞாயிறு தோறும் படம், ஞாயிறு தோறும் நாம். நீ மாட்டிய பூஸ்டரே உன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

நீ உடனே திரும்பி வரவில்லை. பூஸ்டரை மறுபடி மாட்டிவிட்டுத்தான் இறங்கினாய். "படம் முடியல, பாவம் பிள்ளைக" என்றாய். சார் பால்கோவாவைத் தொடவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பிடித்து உலுக்கினேன். "கழட்டாம இருந்தா பெங்களூர்ல இருந்திருப்ப. யாரு உன்னைக் கழட்டச் சொன்னா?"

"கழட்டினா அலை போயிரணும்லாட்டி. போனாத்தான் அது நம்ம அலை." அதைச் சொல்லும்போதுதான் உனக்கு அழுகை வந்தது. என் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

நீ பெங்களூர் போகவில்லை. அதே லேப், அதே பிள்ளைகள். நான் வேறு ஊர்க் காலேஜுக்கு மாறிப் போன பிறகு, ஞாயிறு சாயங்காலம் தவறாமல் உன் போன் வரும். எடுத்ததும், "என்னட்டி, படம் ஓடுதா?" இத்தனை வருஷத்தில் அதை நீ விடவே இல்லை. நானும் சில நாள் அலுத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறேன். பழக்கதோஷம், கிழடுகளுக்கு வேறு வேலை என்ன என்று நினைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் ஞாயிறு. டப்பாவை மூடிப் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மணி ஆறாகும்வரை உட்கார்ந்திருந்தேன். ஏழும் ஆனது. போன் அடிக்கவில்லை, வீட்டில் எதுவும் ஆடவில்லை. உன்னைக் கழற்றியாயிற்று. அலை போய்விட்டது.

அப்போ அது நம்ம அலைதான்ட்டி.