வடிவு என்று கூப்பிட ஓர் ஆள்

கல்லிடைக்குறிச்சி
20-7-1996

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் சுடலைவடிவு வணக்கத்தோடு எழுதுவது. இங்கே அம்மா, நான், ஆற்றில் தண்ணீர் எல்லாரும் இருக்கிறோம். பம்பாயில் மழை பிடித்துக்கொண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். தோசைக்கல் முன்னால் நிற்கிறவனுக்கு மழையென்ன வெயிலென்ன என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.

முதலில் பள்ளிக்கூடத்துக் கூத்து. லில்லி டீச்சர் இங்கிலீஷில் 'ஹாண்ட்' (haunt) என்று ஒரு வினைச்சொல் நடத்தினார்கள். பேய் வந்து ஒரு வீட்டை ஆட்டி வைப்பதாம். ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது அதில் பேயே கிடையாதாம். ஓரிடத்துக்கு அடிக்கடி வந்துபோவது, அவ்வளவுதான். வேரைத் தோண்டினால் 'வீடு' வருகிறதாம், வீட்டுக்குக் கூட்டி வருவது. பேயெல்லாம் பிற்பாடு குடிவந்தவை, வாடகைகூடக் கொடுக்காமல்.

ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார்கள். "மை ஃபாதர் டஸ் நாட் ஹாண்ட் அவர் ஹவுஸ்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "பழைய அர்த்தத்துல சரிதான், உக்காரு" என்றார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளி கன்னிக்குப் படைக்க வேண்டும். நீங்கள் போனபிறகு தொடங்கியது, அதனால் எழுதுகிறேன். என்னோடு பிறந்து ஆற்றோடு போன நாயகி இப்போது நம் வீட்டுக் கன்னித் தெய்வம். வருஷா வருஷம் அவளுக்குப் புதுத்துணி எடுத்து ஓலைப்பெட்டியில் வைப்போம். போன வருஷத் துணியை வீட்டுப் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். மற்ற வீடுகளில் என்றைக்கும் சின்னப் பாவாடைதான், செத்தவர்களுக்கு வயசு ஏறாது. அம்மா அப்படியில்லை. இரட்டையில் ஒருத்தி வளர்ந்தால் மற்றவளும் வளரத்தானே செய்வாள் என்று டெய்லர் காஜா முகைதீன் அண்ணாச்சியிடம் என்னை நிறுத்தி அளவெடுக்கச் சொல்வாள். அவளுக்குப் புதுசு, எனக்கு அவள் பழசு. சாமி கழித்துப் போட்டதை உடுத்துகிறவள் என்று நானும் பெருமையடித்துக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு விளையாட்டு செய்தேன். பெட்டியிலிருந்த தாவணியை முன்கூட்டியே எடுத்து உடுத்தி, தலைமுடியை நனைத்து விரித்துப் போட்டுக்கொண்டு, அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா முன்னால் குதித்தேன். அலறுவாள் என்று பார்த்தேன். "ஏட்டி நாயகி, வந்துட்டியா? இம்புட்டு நேரம் தண்ணில கெடந்தா சளி புடிக்காதா?" என்று முந்தானையால் தலையைத் துவட்டினாள். சோறு பிசைந்து ஊட்டினாள். விளையாட்டென்று சொல்ல வாய் வரவில்லை. சாப்பிட்டுவிட்டேன். அம்மா கையால் அப்படிச் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று, அப்பா.

அன்றிலிருந்து அம்மாவுக்கு நான் நாயகிதான். தாவணியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். "நான் வடிவும்மா" என்று காலைப் பிடித்துப் பார்த்தேன். "அவ ஆத்தோட போயிட்டால்லா" என்கிறாள், அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. நேற்று காஜா அண்ணாச்சியிடம், "இந்த வருஷம் கன்னித்துணி வடிவுக்கு, பாத்துத் தைங்க" என்றாள். அளவுக்கு நின்றது நான்தான். அண்ணாச்சி டேப்பை என் தோளில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

என் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் நீங்கள் வரவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். அன்றைக்கு ஆற்றில் உங்கள் இரண்டு கையிலும் ஒவ்வொருத்தி இருந்தோம். எந்தக் கை வழுக்கியது என்று நான் கேட்கவே மாட்டேன். கையில் தங்கியவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளை வந்து பாருங்கள். போனது நாயகி என்று அம்மாவிடம் சொன்னதே நீங்கள்தான். இப்போதும் நீங்கள் சொன்னால்தான் நம்புவாள்.

கடைசி வெள்ளிக்குள் வாருங்கள். அல்வாவும் வேண்டாம், புதுத்துணியும் வேண்டாம். வாசலில் நின்று, உள்ளே அம்மாவுக்குக் கேட்கும்படி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

வழியெல்லாம் நாயகி துணையிருப்பாள். வாசலில் நான் இருப்பேன்.

உங்கள் மகள்,
சுடலைவடிவு