சகலை ஓடும் திசை

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் தோல்வி. 2-6, 3-6. கை குலுக்கும்போது சகலை சொன்னார்: "பேசாம கேரம் பழகலாம் சகலை. உட்கார்ந்துக்கிட்டே ஆடலாம்." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். எட்டு வருஷமாக ஒரே கிளப்பில் டென்னிஸ் ஆடுகிறோம். ஒரு தடவைகூட இவரை நான் ஜெயித்ததில்லை. இதுவரை அது வெறும் மானப் பிரச்சினை. இன்று செயலாளர் குண்டைத் தூக்கிப் போட்டார். லீக் போட்டிக்குப் போகும் கிளப் அணியில் நாலு இடம், மூன்று நிரம்பிவிட்டது. நாலாவதற்கு நாங்கள் இரண்டு பேரும் 23ஆம் தேதி மோத வேண்டுமாம். எனக்கு நாற்பத்தாறு. அடுத்த வருஷம் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

மார்ச் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

மதியம் என் மருந்துக்கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி மேசைதான் கோர்ட். இருமல் மருந்து பாட்டில் நான். நெஞ்செரிச்சல் மாத்திரை டப்பா சகலை. அவருடைய பலம் வலது பக்கத்து ஃபோர்ஹேண்ட், பலவீனம் இடது பக்கத்து பேக்ஹேண்ட். அதனால் எட்டு வருஷமாகப் பந்தை அவருடைய இடது பக்கமே போட்டுக்கொண்டிருக்கிறேன். அவரும் அது தெரிந்து இடது ஓரமாகவே நின்று, பந்தைச் சுற்றி வந்து, ஃபோர்ஹேண்டாலேயே சாத்துகிறார். மரமண்டை, மரமண்டை! பந்து முதலில் போக வேண்டியது அவருடைய பலமான பக்கத்துக்கு. வலது ஓரம், கோட்டை ஒட்டி. ஓடிப் போய் எடுப்பார். எடுக்கட்டும். இப்போது இடது பக்கம் முழுக்கக் காலி. அடுத்த பந்து இடது மூலைக்கு. பேக்ஹேண்டால் எடுத்தே ஆக வேண்டும். சுற்றி வர நேரமே கிடையாது.

தலைவலி மாத்திரைக்கு ஒரு அம்மா எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. "யாருங்க ஜெயிக்கிறா?" என்று கேட்டார். இருமல் மருந்து என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

கிளப்பில் ஆடும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம் சோதித்தேன். வலது ஓரம், இடது மூலை. வலது ஓரம், இடது மூலை. 6-1! வாத்தியார் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

மார்ச் 12, புதன்

சகலையோடு பயிற்சி ஆட்டம். 1-6.

இடது மூலைக்கு நான் அடிக்கும் முன்பே மனுஷன் அங்கே போய்விடுகிறார். கடைசியில் வலைக்குப் பக்கத்தில் வந்து கண்ணைச் சிமிட்டினார். "வலது ஓரம், இடது மூலை, எடுத்தே ஆகணும். அதானே சகலை?"

இது என் வாசகம். இந்த நோட்டில் நான் எழுதிய வாசகம்!

மார்ச் 13, வியாழன்

வேறு யார்? என் மனைவி, இவள்தான்.

"அக்காகிட்ட போன்ல படிச்சுக் காட்டினேங்க. இருமல் மருந்து ஜெயிக்குதுன்னீங்களே, அந்த ஜோக்குக்காகத்தான். அக்கா சிரிச்சுச் சிரிச்சு மாமாகிட்டயும் சொல்லிட்டா போல."

"எட்டு வருஷமாச்சுடி! ஒரே ஒரு தடவை ஜெயிக்கணும்னு பார்த்தா அதையும் போன்ல வாரிக் குடுத்துட்டியே!"

கத்திட்டேன். கத்தியிருக்க வேண்டாம். அவள் முகம் சுண்டிப் போச்சு. இனி இந்த நோட்டைத் தொடவே மாட்டேன் என்றாள்.

மார்ச் 17, திங்கள்

அபாரமான யோசனை! இந்த நோட்டு இனி கடையில். வீட்டு அலமாரியில் இதே நீல அட்டையில் இன்னொன்று வைத்திருக்கிறேன். அதில் எழுதியது முழுக்கப் பொய்: சகலையை டிராப் ஷாட்டாலேயே சாகடிக்கப் போகிறேன், பந்துக்குப் பந்து வலையை ஒட்டி மெதுவாகப் போடப் போகிறேன் என்று. அக்காவும் தங்கையும் படித்துச் சிரிக்கட்டும். அதை நம்பி அவர் முன்னால் வந்து நிற்பார். பந்தை அவர் தலைக்கு மேலே தூக்கிப் போடுவேன். என்ன மூளை எனக்கு!

மார்ச் 20, வியாழன்

யாராவது எடுத்தால் தெரியட்டும் என்று அலமாரி நோட்டின் மேல் வைத்த சீப்பு வைத்தபடியே இருக்கிறது. பொறுக்க முடியாமல், "அந்த நோட்டுல என்ன எழுதினேன்னு மறந்துட்டேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்றேன்.

"தொட மாட்டேன்னு சொன்னேன்ல."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற இவளுக்கு இந்த வாரம்தானா கிடைத்தது? வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"பொய் எதுக்குங்க? உங்க நிஜத் திட்டம்தான் மாமாவுக்குத் தெரியுமே. அன்னிக்குப் பயிற்சி ஆட்டத்தப்போ வேலிகிட்ட நின்னு பார்த்தேன். நீங்க வலது ஓரத்துல போட்டதுமே, பந்தைத் திருப்பிட்டு இடது பக்கம் ஓட ஆரம்பிச்சுடறார். அவர் விட்டுட்டு ஓடுற இடத்துலயே மறுபடி போட வேண்டியதுதானே?"

மடித்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

ஆட்டம் முடிந்து வந்த வேகத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

முதல் செட் 4-6. பதற்றம். வலது ஓரத்துக்குப் போட வேண்டியதெல்லாம் கோட்டைத் தாண்டிப் போனது. இரண்டாவது செட்டில்தான் கை படிந்தது. வலது ஓரம் — அவர் இடது பக்கம் பாய்கிறார் — மறுபடியும் வலது ஓரம்! பாதியில் திரும்பப் பார்த்துக் கால் பின்னிக்கொண்டு நின்றார். பந்து தன்பாட்டுக்கு அவரைத் தாண்டிப் போனது. 6-3. மூன்றாவது செட்டில் ஓடுவதை நிறுத்திவிட்டார். ஓடாமல் நின்றால்? இடது மூலை காலி! ஓடினால் வலது, நின்றால் இடது. பந்தையே பார்க்காமல் அவர் கால்களைப் பார்த்தேன். 5-4, ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. கால்கள் நின்றன. இடது மூலைக்கு அடித்தேன். எட்டி எடுத்தார், பேக்ஹேண்டில்; பந்து வலையில் போய் விழுந்தது.

ஜெயிச்சுட்டேன். ஜெயிச்சுட்டேன்!

கை குலுக்கும்போது சகலை கேலி பண்ணவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "நானே யோசிச்சேன்" என்றேன். இவள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். வீடு வரும்வரை எனக்கு முன்னாலேயே நடந்தாள். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 26, புதன்

லீக் படிவத்தைச் செயலாளர் கொடுத்தார்; முதல் ஆட்டம் இந்த ஞாயிற்றுக்கிழமை. பெயர், வயது, சட்டை அளவு. கடைசிக் கட்டம்: பயிற்சியாளர். எல்லாரும் அதில் கோடு போட்டுவிடுவார்களாம். நான் இவள் பெயரை எழுதினேன். சகலை எட்டிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். "நிஜமாத்தான் சகலை. அந்த யோசனை அவளோடது" என்றேன். சிரிப்பு நின்றது.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன்.

"எனக்கு ஸ்கோர் எண்ணக்கூடத் தெரியாதேங்க" என்றாள்.

மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள். முடித்துவிட்டுத் திரும்பி, "ஞாயித்துக்கிழமை உங்களோட ஆடுறவருக்கு எந்தக் கைப் பழக்கம்?" என்று கேட்டாள்.