தைலக் காலண்டரில் என் படம்

செல்லூர், மதுரை
4-2-1937

அன்புள்ள மாமாவுக்கு, செல்லத்தாய் கும்பிட்டு எழுதுவது.

இவ்விடம் நலம். அவ்விடத்து நலத்தைக் கேட்கப்போவதில்லை. சொல்லாமல் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் என்று எட்டு மாதமாகப் பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுதாதவர் நலமாகத்தான் இருப்பார்.

கல்யாணமான புதிதில் நாம் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோவை அந்தப் போட்டோக்காரர் ஒரு தைலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அவர்கள் உங்களை வெட்டிவிட்டு என்னை மட்டும் காலண்டரில் போட்டிருக்கிறார்கள். கீழே, ‘எங்கள் தைலத்தால் வளர்ந்த கூந்தல்’ என்று வேறு. அடப் பாவிகளா! அம்மா தேய்த்த விளக்கெண்ணெய்க்கு வரவேண்டிய பேரை இவன் தட்டிக்கொண்டு போகிறான்.

வக்கீலிடம் போனேன். காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்குத்தான் அதன் உரிமை, போட்டோக்காரருக்கு இல்லை, எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டியதும் இல்லை என்றார். “எடுக்கச் சொன்னது யாரு? பேரைச் சொல்லும்மா” என்றார். புருஷன் பேரை வாயால் எப்படிச் சொல்வேன்? காலண்டரில் நீங்கள் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் பேரையே எழுதி நோட்டீஸ் அனுப்பிவிட்டார்!

கம்பெனி ஆள் உங்களைத் தேடி வருவான் போலிருக்கிறது. ‘எடுக்கச் சொன்னது நான்தான்’ என்று நீங்கள் சொல்லிவிட்டால் என் நோட்டீஸ் செல்லாது. அந்தத் தைலப் பொய் ஊரெல்லாம் தொங்கும். என்ன செய்வதாக உத்தேசம்?

இப்படிக்கு,
செல்லத்தாய்

தூத்துக்குடி
9-2-1937

அருமை செல்லத்தாய்க்கு, தவசி எழுதுவது.

அந்த ஆள் நேற்றே வந்துவிட்டான். “அண்ணே, படத்துக்கு நீங்கதான சொந்தக்காரரு? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்” என்று குழைந்தான். “ஏண்டா, என்னைய வெட்டி எறிஞ்சிட்டு எங்கிட்டயே கையெழுத்துக் கேக்க வாரியா?” என்றேன். வந்த வழியே போய்விட்டான்.

உரிமை என்னுடையதுதான். ஆனால் எழுத்தில் கொடுத்தால் அது இன்னொருவருக்கு மாறுமாம். உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், காகிதம் இத்துடன் இருக்கிறது. இனி அந்தப் படம் உன்னுடையது. அச்சடிக்கச் சொல், கிழிக்கச் சொல், உன் இஷ்டம்.

ஒரே ஒரு குறை. ஒரு மாதமாக டீக்கடையில் அந்தக் காலண்டருக்கு எதிரே உட்கார்ந்துதான் காப்பி குடிக்கிறேன். அதையும் நிறுத்திவிட்டால் உன்னை எங்கே போய்ப் பார்ப்பேன்? கோபம் எப்போதோ போய்விட்டது. உனக்கு எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

உன்,
தவசி

செல்லூர்
16-2-1937

அன்புள்ள மாமாவுக்கு,

காகிதம் கிடைத்தது. வக்கீல் அதை வைத்து முறையாக இன்னொரு நோட்டீஸ் விட்டார். கம்பெனிக்காரன் அச்சை நிறுத்திவிட்டான். கடைகளில் மாட்டியதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறானாம்.

“ஒண்ணாச்சும் மாப்ளைக்கு விட்டு வைக்கலாம்ல?” என்று அண்ணன் சிபாரிசுக்கு வந்தார். முடியவே முடியாது என்றுவிட்டேன். ஆளைப் பார்க்க ஆசை இருந்தால் ஆளை அல்லவா கூப்பிட வேண்டும்! அதற்கும் உங்களுக்கு வெட்கம் வந்துவிடும். ஆகையால் நீங்கள் கூப்பிட்டதாகவே வைத்துக்கொண்டு மூட்டை கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை ரயிலுக்கு வாரேன். ஸ்டேஷனில் நிற்க வேண்டும். உங்கள் கோபம் போயிருக்கலாம். என்னுடையது அம்புட்டும் அப்படியே இருக்கிறது. அதை நேரில்தான் காட்டப்போகிறேன்.

உங்கள்,
செல்லத்தாய்